கதவுள்ள கடல்

"வணக்கம். யார் பேசறது?"

அழைத்தவரும் அவரே, கேட்டவரும் அவரே. நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

"நீங்கதானே போன் பண்ணினீங்க" என்றேன்.

"பழக்கதோஷம். ஆஸ்பத்திரியில இருந்து ஆபரேட்டர் பேசறேன். சிஸ்டர் வீடுதானே? சிஸ்டரோட பொண்ணா?"

"ஆமா."

"ஒன்பதாவது படிக்கிற பொண்ணு?"

"ஆமா."

"எதைக் கேட்டாலும் ஒத்தை வார்த்தையிலதான் பதில் சொல்லுவியா?"

யோசித்தேன். "ஆமா."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "உங்கம்மா சொன்னாங்க, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயப்படும்னு. எனக்கு அப்படி ஆள்தான் வேணும். இப்ப உனக்கு ஒரு பரீட்சை. நான் பேச மாட்டேன். நீயும் பேசாம லைன்ல இருக்கணும். ஹலோன்னு கூடக் கேக்கக் கூடாது. முடியுமா?"

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

இருந்தேன். மணி அடிப்பதும், அவர் வேறு யாரிடமோ "எலும்பு முறிவா, காதுமூக்கா? ரெண்டும் ஒரே டாக்டர் இல்லீங்க" என்று சொல்வதும், தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போவதும் கேட்டன. எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் ஓடியது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"பாஸ். கையெழுத்து எப்படி?"

"நல்லா இருக்கும்."

"நான் தப்பாச் சொன்னா திருத்துவியா?"

இது எனக்குச் சிக்கலான கேள்வியாக இருந்தது. "தப்புன்னு தெரிஞ்சா..." என்று இழுத்தேன்.

"தெரிஞ்சாலும் திருத்தக் கூடாது. திருத்தித் திருத்தியே மூணு தடவை என்னை பெயில் ஆக்கிட்டாங்கம்மா. நாளைக்கு அஞ்சு மணிக்கு, அம்மா குடுக்கற புஸ்தகத்தோட போன் பக்கத்துல உக்காரு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். இப்படித்தான் ஆபரேட்டர் அக்கா எனக்கு அறிமுகமானார்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் எட்டாவது வரை படித்தார். அதற்கு மேல் அங்கே வகுப்பில்லை. சிறுநீரகக் கோளாறு வந்த தன் அப்பாவுக்குத் துணையாக, என் அம்மா செவிலியாக இருந்த மருத்துவமனைக்கு வந்தவர், ஏழு மாதம் அந்தத் தாழ்வாரத்திலேயே இருந்தார். ஏழு மாதத்தில் ஒலிபெருக்கி கூப்பிட்ட ஒவ்வொரு எண்ணும் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் பழைய ஆபரேட்டர் மயங்கி விழ, தொலைபேசி அறையில் எல்லா மணிகளும் சேர்ந்து அலறின. அக்கா சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மாலை வரை அவர்தான் இணைப்புக் கொடுத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. அப்பா குணமாகி வீட்டுக்குப் போனார். மகள் நாற்காலியிலேயே தங்கிவிட்டார்.

பதினொரு வருடம் ஆகியும் அது தற்காலிக வேலைதான். அந்த ஆண்டு நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஜூன் மாத முடிவுக்குள் கொடுப்பவர்களுக்கு வேலை நிரந்தரம். கொடுக்காதவர்களின் இடத்துக்குப் புதிய ஆட்கள். மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் அக்கா முதல் தடவையே தேறிவிட்டார். சமூக அறிவியல் ஒன்றுதான் பாக்கி. வரலாறும் குடிமையியலும் சேர்ந்த நூறு மதிப்பெண் தாள். ஏப்ரலில் வரும் தேர்வை விட்டால் அடுத்த தேர்வு அக்டோபரில். அதற்குள் ஜூன் போய்விடும்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. புதுசா வர்ற பொண்ணுக்கு நீங்களே ஒரு மாசம் வேலை கத்துக்குடுத்துட்டுப் போகலாம்" என்று ஆறுதல் சொன்னாராம் அலுவலக சூப்பரிண்டெண்ட். அக்கா இதை என்னிடம் சொன்னபோது அவரது குரலையே போட்டுச் சொன்னார். எல்லோருடைய குரலும் அவரிடம் இருந்தது.

கண் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். அந்த ஆளை ஸ்க்ரைப் என்பார்கள். தேர்வரைவிடக் கீழ் வகுப்பில் படிப்பவராக அவர் இருக்க வேண்டும். அக்காவின் முதல் ஸ்க்ரைப் பாதித் தேர்வில் தூங்கிவிட்டான். இரண்டாவது பெண், நீளமாகத் தோன்றியதையெல்லாம் சுருக்கிவிட்டாள். மூன்றாவது பையன் வகுப்பில் முதல் மாணவன். பேச்சுப் போட்டியில் கோப்பைகள் வாங்கியவன். அவன்தான் எல்லோரையும்விட மோசம். அந்தத் தடவை முப்பத்தொரு மதிப்பெண். தேற முப்பத்தைந்து வேண்டும். சந்தேகப்பட்டு விடைத்தாளின் நகலை வாங்கி அம்மாவை வாசிக்கச் சொல்லியிருக்கிறார் அக்கா. பிரெஞ்சுப் புரட்சிக்கு என்ன காரணம் என்ற கேள்விக்கு அவர் வரிசையாக ஆறு காரணம் சொல்லியிருந்தார். தாளில் இருந்ததோ, மக்கள் எரிமலையாய் வெடித்தனர், வானம் சிவந்தது, பூமி அதிர்ந்தது.

"பூமி அதிர்ந்ததுக்கு மார்க் இல்லையாம்" என்றார் அக்கா. "நாலு மார்க்குல அந்த எரிமலை என்னைக் கவுத்துடுச்சு."

நான் படித்த பள்ளியில் பாதிப் பாடம் தமிழில், பாதிப் பாடம் ஆங்கிலத்தில். வரலாறு நான் தமிழில் படித்ததே இல்லை. அக்காவுக்கு அதில் பரம சந்தோஷம். "நல்லது. உனக்குத் தமிழ்ல எரிமலையே வராது" என்றார்.

தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மருத்துவமனையில் பார்வையாளர் நேரம். எல்லோரும் நேரில் வந்துவிடுவதால் தொலைபேசி ஓய்ந்திருக்கும். அந்த ஒரு மணி நேரம், அம்மா வாங்கித் தந்த பத்தாம் வகுப்புத் தமிழ்வழிச் சமூக அறிவியல் புத்தகத்தை நான் வீட்டிலிருந்து போனில் வாசிப்பேன். அக்கா ஹெட்செட்டில் கேட்பார். அழைப்பு வந்தால், "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்று என்னை நிறுத்திவைப்பார். உடனே என் காதில் பியானோ இசை ஓடும். தலைவெட்டும் கில்லட்டின் ஏறி இறங்கும் பக்கத்துக்கு நடுவிலெல்லாம் அந்த இசைதான். திரும்பி வந்ததும், விட்ட இடத்தின் கடைசி வார்த்தையை அவரே சொல்லிவிட்டு, "ம், மேல" என்பார்.

அவர் பாடத்தைப் புரிந்துகொண்ட விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மக்கள் பிரதிநிதிகளின் சபையைப் பிரான்ஸின் மன்னர்கள் நூற்று எழுபத்தைந்து வருடம் கூட்டவே இல்லை என்று வாசித்தபோது, "இரு, இரு. எத்தனை?" என்று கேட்டார்.

"நூத்தி எழுபத்தஞ்சு."

"நூத்தி எழுபத்தஞ்சு வருஷமா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, ஒருத்தனும் எடுக்கலை. போய்க் கதவை உடைக்காம வேற என்ன பண்ணுவாங்க?"

அதிகாரப் பிரிவினை என்ற பாடத்தில் நானே தடுமாறினேன். அவர் தடுமாறவில்லை. "டாக்டர் மருந்துச்சீட்டு எழுதலாம், மருந்துக் கிடங்குச் சாவியை வெச்சுக்கக் கூடாது. கிடங்குக்காரர் சாவியை வெச்சுக்கலாம், சீட்டு எழுதக் கூடாது. ரெண்டு பேரையும் தணிக்கைக்காரர் வந்து கேள்வி கேக்கலாம். மூணும் ஒரே ஆளா இருந்தா ராத்திரியோட ராத்திரியா கிடங்கு காலி. இதுக்கு எதுக்கும்மா நாலு பக்கம்?"

ஆனால் போர்கள் வந்தபோது அவருக்குப் பொறுமை போயிற்று. படை இங்கிருந்து அங்கே போனது, கப்பல் அங்கிருந்து இங்கே வந்தது என்று புத்தகம் சொல்லிக்கொண்டே போகும். "எது எங்க இருக்குன்னு தெரியாம எப்படிப் படிக்கிறது? எந்த வார்டு எந்த மாடின்னு தெரியாம நான் லைன் குடுக்க முடியுமா?" என்றார். கண் தெரியாதவர்களுக்கு வரைபடக் கேள்வி கிடையாது, அதற்குப் பதில் ஐந்து சிறு வினாக்கள் தருவார்கள், ஆகவே வரைபடம் தேவையில்லை என்று அம்மா எடுத்துச் சொன்னார். "பரீட்சைக்கு இல்லை சிஸ்டர். எனக்கு" என்றார் அக்கா.

மருத்துவமனையில் போர்வைகளையும் அறுவைசிகிச்சை அங்கிகளையும் தைக்க ஒரு தையல்காரர் இருந்தார். குறும்புக்காரர். அக்கா அவரைத் தொலைபேசியில் பிடித்தார். கழித்துப் போட்ட ஒரு படுக்கை விரிப்பில், அந்தப் பாடப் புத்தகத்து ஐரோப்பிய வரைபடத்தைப் பார்த்து அவர் கரைகளையெல்லாம் தடித்த நூலால் தைத்துக் கொடுத்தார். தலைநகருக்கு ஒரு பொத்தான், மலைக்கு மடிப்பு. அக்கா அதைத் தன் மேசையில் விரித்து அழைப்புகளுக்கு நடுவே தடவிக்கொண்டிருப்பார்.

இரண்டு நாள் கழித்து என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "ஒரு சந்தேகம். ஐரோப்பாவைச் சுத்தி நாலு பக்கமும் நேர்க்கோடா ஒரு கரை போகுதே, அது எந்த நாடு?"

எனக்குப் பிடிபடவில்லை. விரிப்பை நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தையல்காரர் ஓரம் பிரியக் கூடாதென்று நாலு பக்கமும் அதே நூலால் மடித்துத் தைத்திருந்தார்.

"உலகத்தை ஓரம் அடிச்சுக் குடுத்திருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று அக்கா போனிலேயே அவரைப் பிடித்து உலுக்கினார்.

"ஓரம் அடிக்காம விட்டா உங்க உலகம் ரெண்டு சலவையில நூல் நூலாப் போயிடும், பார்த்துக்குங்க" என்றார் தையல்காரர்.

மார்ச் கடைசியில் ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்தோம். தொலைபேசி அறைக்குப் பக்கத்து அறையில் மூன்று மணி நேரம் அவர் சொன்னார், நான் எழுதினேன். ஒரு எழுத்துக்கூடத் திருத்தாதே என்று அவர் கட்டளையிட்டிருந்தார். நானும் திருத்தவில்லை. முடிந்ததும் அம்மா தாளை எடுத்து உரக்க வாசித்தார்.

"தொழிற்புரட்சி முதன்முதலில் இங்கிலாந்தில் தோன்றியதற்கான காரணங்கள். ஒன்று, நிலக்கரியும் இரும்பும் அருகருகே கிடைத்தன. இரண்டு, ஒரு நிமிஷம், லைன்ல இருங்க. இரண்டு, துறைமுகங்கள். அட, இந்த ஃபேனை யாராவது நிறுத்துங்களேன். மூன்று..."

அம்மாவால் மேலே வாசிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கோ முகம் எரிந்தது.

"நீங்கதானே சொன்னதை எல்லாம் எழுதச் சொன்னீங்க" என்றேன்.

"ஃபேனையுமாடி எழுதுவே?" என்று அக்காவும் சிரித்தார்.

"எது பதில், எது பதில் இல்லைன்னு நானே முடிவு பண்ணினா அதுவும் திருத்தறதுதானே?"

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். "சரியாத்தான் சொல்றா" என்றார் அம்மாவிடம். பிறகு மேசையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். "இது லைன் திறந்தாச்சு. எழுது." இரண்டு தட்டு தட்டினார். "இது மூடியாச்சு. நான் என்ன உளறினாலும் எழுதாதே." அடுத்த இரண்டு வாரம் அப்படியே பழகினோம். ஒன்று, எழுது. இரண்டு, எழுதாதே. நடுவே நான் வாயே திறக்க வேண்டியதில்லை. எனக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

தேர்வு நாள் வந்தது. ஸ்க்ரைப் வைத்திருப்பவர்களுக்குத் தனி அறை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடம். உயரமான மர மேசை, அதன் நடுவே கண்ணாடிக் குப்பிகள் அடுக்கிய தட்டு, முதுகு சாய முடியாத ஸ்டூல். கண்காணிப்பாளர் ஒரு கணித ஆசிரியை. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். எங்கள் அடையாள அட்டைகளை இரண்டு தடவை பார்த்தார்.

நான் முதல் கேள்வியை வாசித்தேன். அக்கா ஒரு தட்டு தட்டினார். குப்பிகள் எல்லாம் சிணுங்கின. பதிலைச் சொன்னார். இரண்டு தட்டு. மறுபடி சிணுங்கல். பத்து நிமிடம் ஆகவில்லை, ஆசிரியை எங்கள் முன்னால் நின்றார்.

"என்ன தட்டறீங்க?"

"ஒண்ணு தட்டினா எழுதணும், ரெண்டு தட்டினா எழுதக் கூடாது, மேடம். எங்க ஏற்பாடு."

"யார் யாருக்குத் தட்டறீங்க? நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற கேள்வி இருக்கு. ஒரு தட்டுன்னா அ, ரெண்டு தட்டுன்னா ஆ. எனக்குத் தெரியாததா? முப்பது வருஷமா ஹால் பார்க்கறேன்."

"நான்தானே மேடம் தட்டறேன். அவ தட்டலையே. எனக்கு நானே காப்பியடிச்சுக் குடுப்பேனா?"

"மேசைக்கு அடியில யார் கால் தட்டுதுன்னு நான் பார்த்தேனா?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நின்றபடியே எழுதத் தொடங்கினார். தேர்வு எண், நேரம், 'சந்தேகத்துக்குரிய ஓசைக் குறிப்புகள்'. அந்தத் தாள் தலைமைக் கண்காணிப்பாளரிடம் போனால் முடிவை நிறுத்திவைத்துவிடுவார்கள். விசாரணை முடிய மாதக்கணக்கில் ஆகும். ஜூன் காத்திருக்காது.

"இதை இப்பவே குடுக்கப் போறதில்லை" என்றார் ஆசிரியை. "பக்கத்துலயே உட்காரப் போறேன். தட்டக் கூடாது. ஸ்க்ரைப் கேள்வியை வாசிக்கறதுக்குத் தவிர வாயைத் திறக்கக் கூடாது. ஏதாவது பார்த்தேன்னா இது கீழே போகும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முழங்கைக்கு அருகே உட்கார்ந்தார். தாளை மேசையில் வைத்து அதன்மேல் ஒரு குப்பியை வைத்தார்.

அக்காவின் கை காற்றிலேயே நின்றது. மெல்ல மடியில் இறக்கினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அந்தக் குரலை எடுத்தார்: மருத்துவமனைக் குரல். ஒவ்வொரு வாக்கியமும் பிசிறில்லாமல், அச்சடித்ததுபோல வந்தது. "ஃபேன்" இல்லை, "லைன்ல இருங்க" இல்லை. மனதுக்குள்ளேயே முழு வாக்கியத்தையும் கோத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். நேரம் போயிற்று. ஆனால் அடிக்க வேண்டிய ஒரு சொல்கூட வரவில்லை. நூற்று எழுபத்தைந்து வருடம் கூடாத சபை வந்தது. அதிகாரப் பிரிவினை, சாவியும் கிடங்கும் இல்லாமல், புத்தகத்தில் உள்ளபடி வந்தது. ஆசிரியை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது வரைபடக் கேள்வி இருந்தது. அதற்குப் பதிலாகத் தர வேண்டிய மாற்று வினாக்கள் அடங்கிய தாளைக் காணவில்லை. ஆசிரியை கீழே ஆள் அனுப்பிக் கேட்டார். பதில் வந்தது.

"மாற்றுத் தாள் கட்டுல வரலையாம். அதை விட்டுட்டு மத்ததைச் சரிபாருங்க. பத்து மார்க்தானே."

"பத்து மார்க்தானேவா? மேடம், போன தடவை நான் நாலு மார்க்குல போனவ."

"நான் என்ன செய்யட்டும்? மனு எழுதிக் குடுங்க."

"மனுவுக்கு எத்தனை மாசம்?"

ஆசிரியை மேசையிலிருந்த விதிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"கண் தெரியாதவங்க வரைபடம் எழுதக் கூடாதுன்னு எங்கயாவது தடை போட்டிருக்கா?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பக்கம் முன்னால் போனார், பின்னால் வந்தார். "தடைன்னு எதுவும் இல்லை" என்றார். "ஆனா எப்படி?"

"படத்தை என் கையில குடுங்க."

வெறும் தாள்தான், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. அக்கா அதன் ஓரங்களைத்தான் அளந்தார். "அகலம் ஒரு சாண். என் துணி ஆறு சாண். அங்க ஆறு விரல்னா இங்க ஒரு விரல்." கணித ஆசிரியையின் புருவம் உயர்ந்தது.

ஐந்து இடங்களைக் குறிக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாய், பாரிஸ், இத்தாலி, மத்திய தரைக்கடல், கருங்கடல்.

"இடது பக்கம் மேல, பெரிய நிலத்தை ஒட்டாம ரெண்டு துண்டு இருக்கும். பெரிய துண்டோட அடியில பேனாவை வை. அங்கிருந்து நேர் கீழ இறங்கு. நிலம் தட்டறதுக்கு முன்னாடி ஒடுங்கின தண்ணி. அதுல ‘ஆங்கிலக் கால்வாய்’னு எழுது. அங்கிருந்து ஒரு விரல் கீழ வந்து அரை விரல் வலது. புள்ளி வை. பாரிஸ்."

பேனா தானாகப் போவதுபோல இருந்தது. முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிய கால் ஒன்று தண்ணீரில் தொங்குமே, அது இத்தாலி. அந்தப் பாதத்துக்குக் கீழே, அடுத்த கரை வருவதற்குள் இருக்கும் அகலமான நீர், மத்திய தரைக்கடல்.

"இப்ப கடைசி. படத்தோட வலது பக்கம் போ. நிலத்துக்கு நடுவுல அடைபட்டுக் கிடக்கற தண்ணி இருக்கும். அது மேல பேனாவை வை. எழுதாதே."

வலது பக்கத்தில் அப்படி இரண்டு இருந்தன. வலது பக்கம் போ என்றால் நான் போகக்கூடிய கடைசிவரை போக வேண்டும். போனேன். பேனாவை வைத்தேன். அது காஸ்பியன் கடல். எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை நான் நூறு தடவை எழுதியிருக்கிறேன். ஆசிரியை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா "எழுது" என்று சொன்னால் எழுத வேண்டும். தப்பு என்று தெரிந்தே எழுத வேண்டும். என் முகத்தில் ஏதும் தெரியாமலிருக்க மேசையின் மரவரிகளைப் பார்த்தேன்.

"அந்தத் தண்ணிக்கு வெளிய போக வழி இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

நான் பதில் சொல்லக் கூடாது.

"கேள்வி கேக்கக் கூடாது" என்றார் ஆசிரியை.

"பேர் கேக்கலை, மேடம். கண்ணுள்ள பிள்ளைங்க எல்லாம் படத்துல பார்க்கறதைத்தான் கேக்கறேன். அந்தத் தண்ணியில ஒரு கப்பலை விட்டா வெளிய வர முடியுமா? அவ சொல்ல வேணாம். நீங்க சொல்லுங்க."

ஆசிரியை தயங்கினார். பிறகு சங்கிலியில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தார். விரலால் அந்தக் கரை முழுக்கச் சுற்றி வந்தார்.

"முடியாது. எல்லாப் பக்கமும் அடைச்சிருக்கு."

"அப்ப அது இல்லை. கருங்கடலுக்கு ஒரு கதவு உண்டு. இடது கோடியில, குட்டியா. அது வழியாத்தான் மத்திய தரைக்கடலுக்கு வரணும். அந்தக் கதவுக்காகத்தான் எத்தனை சண்டை! ஒரு விரல் இடது பக்கம் வா. அங்க ஒரு தண்ணி இருக்கா, மேடம்?"

"இருக்கு."

"கதவு?"

ஆசிரியை மூக்கு தாளைத் தொடுமளவுக்குக் குனிந்தார். "இருக்கு" என்றார், அவரே கண்டுபிடித்ததுபோல. "இருக்கு! ரொம்பச் சின்னது."

"எழுது" என்றார் அக்கா. நான் 'கருங்கடல்' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அத்தனை அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

மணி அடித்தது. ஆசிரியை விடைத்தாள்களைக் கட்டினார். குப்பியைத் தூக்கினார். அடியிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்து நான்காக, எட்டாக மடித்தார். குறுக்கே கிழித்து, ஆய்வுக்கூடத்துக் கழுவுதொட்டியில் போட்டார்.

"கணக்கு டீச்சர் நான்" என்றார். "அதுக்குக் கதவு இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"பரவாயில்லை மேடம். எனக்கே ஒரு மாசம் முன்னாடிதான் தெரியும்" என்றார் அக்கா.

வெளியே வேப்பமரத்தடியில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு விடுப்பு இல்லாத நாள். "மேப்பு வந்துச்சா?" என்றார். வந்தது என்று நான் தலையாட்டினேன். "ஓரம் அடிச்ச மேப்பா, அடிக்காத மேப்பா?" அக்கா தன் மடக்குக் கோலால் அவர் காலில் ஒரு போடு போட்டார்.

ஜூன் இரண்டாம் வாரம் முடிவு வந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். பார்த்தவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. நேரே தொலைபேசி அறைக்கு ஓடினார். பதினொரு வருடமாக அந்த ஒலிபெருக்கியில் அக்காவின் குரலைத் தவிர வேறு குரலை யாரும் கேட்டதில்லை. அன்று அம்மா மைக்கைப் பிடுங்கினார்.

"அனைவரும் கவனிக்கவும். நம்ம ஆபரேட்டர் பாஸ். சமூக அறிவியல் எழுபத்தெட்டு. மறுபடியும் சொல்றேன், எழுபத்தெட்டு. அலுவலக சூப்பரிண்டெண்ட் எங்கிருந்தாலும் உடனே தொலைபேசி அறைக்கு வரவும்."

எலும்பு முறிவுப் பிரிவில் கட்டுப் போட்ட கால்களோடு படுத்திருந்தவர்கள் கைதட்டினார்களாம். ஆபரேட்டர் யாரென்றே அறியாதவர்கள்கூட. சூப்பரிண்டெண்ட் வந்தார். "வாழ்த்துகள். நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். "சொன்னீங்க சார். புதுசா வர்ற பொண்ணுக்குக் கத்துக்குடுக்கச் சொன்னீங்க. எப்ப அனுப்பறீங்க?" என்றார் அக்கா. அந்தப் பெண் பிறகு உண்மையாகவே வந்தாள், அக்காவுக்குக் கீழே உதவி ஆபரேட்டராக. இன்று அந்த அறையில் மூன்று பேர். தலைமை ஆபரேட்டர் என்ற பலகை கதவில் இருக்கிறது. விரலால் தடவிப் படிக்கும்படி, புடைத்த எழுத்தில்.

விடைத்தாளின் நகலை அவர் அந்தத் தடவையும் வாங்கினார். மதிப்பெண்ணில் சந்தேகப்பட்டு அல்ல. தான் சொன்னது அப்படியே இருக்கிறதா என்று கேட்க. தொலைபேசி அறையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நான் வாசித்தேன். தையல்காரர் கதவில் சாய்ந்து நின்றார். வரைபடத்துக்குப் பத்துக்குப் பத்து என்று வாசித்தபோது, "அதுல அஞ்சு என்னுது" என்றார். அக்கா மறுக்கவில்லை. நகலைத் தடவிப் பார்த்தார். அதில் விரலுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் தடவினார்.

எல்லோரும் போன பிறகு நான் புத்தகத்தைப் பையில் வைத்தேன். இனி அது தேவையில்லை என்று யாருக்காவது கொடுத்துவிடுவதாக இருந்தேன்.

"புஸ்தகத்தை என்ன பண்றே?" என்றார்.

சொன்னேன்.

"குடுத்துடாதே. கடைசியில ரெண்டு பாடம் இருக்கு, பரீட்சைக்குக் கிடையாதுன்னு தாண்டிட்டோம். பொம்பளைங்களுக்கு எந்தெந்த நாட்டுல எப்ப ஓட்டு குடுத்தாங்கன்னு ஒண்ணு. இன்னொண்ணு என்னன்னே எனக்குத் தெரியாது. அதுக்கு மார்க்கும் இல்லை, கேள்வியும் இல்லை. ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி கிடையாது. வீட்டுக்கு வந்து ரெண்டையும் வாசிச்சுக் காட்டேன். நடுவுல உனக்கு ஏதாவது தோணினா நிறுத்திட்டுச் சொல்லு, நான் கேக்கறேன்."